இரண்டாவது குரல்

யோகி பி-யும், நட்சத்திரா என்ற பெயரில் இயங்கிய டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் என்ற இருவரும் சேர்ந்து 2006-ல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பைத் தமிழ்க் கவிதை பற்றிய ஒரு விவாதத்துக்குள் கொண்டுவர விரும்புகிறேன். நான் படித்துவரும் சிறுபத்திரிகைகள் எவையும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காரணங்கள் ஊகிக்கக் கூடியவையே. பாட்டு வேறு, கவிதை வேறு என்பது ஒன்று. ராப் என்பது அமெரிக்கச் சரக்கு, அதைத் தமிழில் போட்டுக்கொண்டு ஆடுவது வேஷம் என்பது மற்றொன்று. முதல் காரணத்தைச் சொல்கிறவர்கள் சிலப்பதிகாரத்தை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று தெரியவில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் புதுக்கவிதை எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டவர்கள்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த காலத்தில் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் மினி பஸ்ஸில்தான் அதை முதலில் கேட்டேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலத்துக்குப் பாலம் குலுங்கிப் போகும் வண்டி. 'மடை திறந்து' பாட்டு தொடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த இளையராஜாவின் மெட்டு. நாலு கட்டை கழிந்ததும் பாட்டுக்குள் வேறொரு ஆள் நுழைந்து பேச ஆரம்பித்தான். பாடவில்லை, தாளத்தோடு பேசினான். பின் ஸீட்டிலிருந்த ஒரு பெரியவர், "நல்ல பாட்டைக் கெடுத்துட்டானுவ" என்றார். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இறங்கிய பிறகும் காதில் நின்றது மெட்டு அல்ல, அந்தப் பேச்சு. ஏன் நின்றது என்று யோசித்துப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

மூலப் பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. பாரதிராஜாவின் 'நிழல்கள்' 1980-ல் வந்தது. சங்கீதத்தில் பெரிய ஆளாக வரத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவு அந்தப் பாட்டு. எழுதியவர் வாலி, பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், திரையில் வாயசைத்தவர் சந்திரசேகர். 'நான்' என்று அந்தப் பாட்டில் வரும் சொல்லுக்கு இப்படி மூன்று சொந்தக்காரர்கள். உண்மையில் மூவரில் ஒருவருக்கும் அது சொந்தமில்லை. தமிழ் சினிமாப் பாட்டின் பிரமாண்டமான சாதனையும் அதன் அடிப்படைப் பொய்யும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. எம்.ஜி.ஆருக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடியபோது எழுதியவன் எங்கே போனான் என்று தமிழ்நாடு கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் நம் அரசியல் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது. 'மடை திறந்து' பாட்டில் ஒரு கணம் இளையராஜாவே திரையில் முகம் காட்டுகிறார். செய்தவன் தன் செய்கைக்குள் எட்டிப் பார்க்கும் அந்த ஒரு கணம் அந்தக் காட்சியின் மிக உண்மையான கணம்.

2006-ல் மூன்று மலேசிய இளைஞர்கள் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு செய்தது என்னவென்றால், வாலி எழுதிக் கொடுத்த 'நான்' என்ற காலியிடத்தில் தாங்களே போய் உட்கார்ந்துகொண்டார்கள். எழுதியவர்களே சொன்னார்கள், தங்கள் பெயரிலேயே சொன்னார்கள். மூன்றாகப் பிளந்து கிடந்தது ஒன்றாயிற்று. ரீமிக்ஸ் என்ற சொல் இதற்குப் போதாது. ரீமிக்ஸ் என்று சென்னையில் அந்த ஆண்டுகளில் தயாரானவை பெரும்பாலும் பழைய பாட்டுக்குப் புது டிரம்ஸ் கட்டிய வேலைகள். மடை அதே மடை, பெயிண்ட் மட்டும் புதிது.

டி.எஸ். எலியட் 1953-ல் நிகழ்த்திய ஓர் உரை 'கவிதையின் மூன்று குரல்கள்' என்பது. பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் பரீட்சைக்காக உருப்போட்டு மறுநாளே மறந்துவிடும் உரை. கவிஞன் தனக்குத்தானே, அல்லது யாருக்குமே அல்லாமல், பேசிக்கொள்வது முதல் குரல். ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது இரண்டாவது. கற்பனைப் பாத்திரம் ஒன்றின் வாயாகப் பேசுவது மூன்றாவது. எலியட் இதைச் சொன்னது தன் நாடகங்களுக்கு வழி தேடிக்கொள்ளத்தான். என்றாலும் தமிழ்ச் சூழலுக்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம் புதுக்கவிதை முதல் குரலையே தன் சொத்தாக்கிக்கொண்டது. கும்பகோணத்துக்காரரான ந. பிச்சமூர்த்தி வழி திறந்தார். பின்னால் வந்தவர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாப்பு போனது, அதோடு காதும் போனது. பக்கத்தில் அச்சாகி மௌனமாகப் படிக்கப்படுவதற்கென்றே ஒரு கவிதை உருவாயிற்று. அதன் லாபங்களை நான் மறுக்கவில்லை. அந்தக் கவிதைதான் என்னையும் உண்டாக்கியது. ஆனால் நஷ்டக் கணக்கு எழுதப்படவேயில்லை. விதிவிலக்குகள் உண்டு. மாயூரத்தை ஒட்டிய திருஇந்தளூர்க்காரரான ஞானக்கூத்தன் யாப்பின் சத்தத்தை வைத்துக்கொண்டே அதைக் கேலிக்குத் திருப்பினார். அவரிடம் ஒரு மேடைக் குரலின் நிழல் உண்டு. மேடையை நையாண்டி செய்வதற்கு மேடையின் தொண்டை வேண்டுமல்லவா?

மூன்றாவது குரலை சினிமா எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த இரண்டாவது குரல், தன் பெயரில் எழுந்து நின்று எதிரே இருப்பவர்களிடம் தாளத்தோடு வாதாடும் குரல், கவியரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அது தலைவர்களை வரவேற்கும் வேலையில் அமர்ந்து ஓய்வூதியமும் வாங்கிவிட்டது. கிராமத்துப் பக்கம் அதற்கு இன்னொரு பழைய வீடு உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தில் மாசி மாதக் காமன் பண்டிகைக்கு நடக்கும் லாவணி. 1676 முதல் 1855 வரை இங்கே ஆண்ட மராட்டியர் வழியாக வந்த வடிவம். டேப்பைத் தட்டிக்கொண்டு இரண்டு கட்சியாக உட்காருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. ஒருவன் பாட்டிலேயே கேள்வி போட, மற்றவன் பாட்டிலேயே அறுத்துப் பதில் சொல்ல வேண்டும். புராணத்தில் தொடங்கி, இலக்கணத்துக்குப் போய், கடைசியில் எதிராளியின் குரு யார் என்பது வரைக்கும் போகும். அரசியல்வாதிகள் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொள்வதை 'லாவணி பாடுகிறார்கள்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்தப் பழமொழி அளவுக்காவது லாவணி பிழைத்திருக்கிறது.

இந்த இரண்டாவது குரல் அமெரிக்காவில் மறுபடி பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நம் விஷயத்துக்கு அது நேரடியாகத் தொடர்புடையது என்பதால். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற குடியிருப்பில் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா இளைஞன் தன் தங்கைக்காக ஒரு பார்ட்டியில் ரெக்கார்டு போட்டான். பாட்டின் நடுவே குரல்கள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் வரும் சில நொடிகளுக்குத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து, அந்த நொடிகளை மட்டும் இரண்டு ரெக்கார்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினான். நீண்ட தாளத்தின் மேல் பேச இடம் கிடைத்தது. பேசினார்கள். ஆறு வருஷம் அது தெருவிலும் கூடத்திலுமே இருந்தது. 1979-ல்தான் ஷுகர்ஹில் கேங் என்ற குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டாக வந்து உலகம் சுற்றியது. அதில் பிக் பேங்க் ஹாங்க் என்பவர் சொல்லும் வரிகள் அவர் எழுதியவை அல்ல. பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. காஸ் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல் ஹாங்க் அப்படியே சொல்லியிருக்கிறார். ஒருவனுடைய பெயரை இன்னொருவன் தன் பெயராகச் சொல்வது! தன் பெயரில் பேசுவதே உயிர்நாடியான ஒரு கலை, முதல் பெரிய வெற்றியிலேயே அந்த உயிர்நாடியை விற்றுவிட்டது.

அடுத்த உதாரணம் இன்னும் துயரமானது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவ் என்ற ஐந்து பேச்சாளர்களும் பிராங்க்ஸில் மிகப் பெரிய குழு. 1982-ல் அவர்கள் பெயரில் வந்த 'தி மெஸேஜ்' ராப் வெறும் கொண்டாட்டம் அல்ல, வறுமையைப் பேசும் வடிவமும்தான் என்று நிறுவியது. ஆனால் அந்தத் தட்டில் ஃப்ளாஷின் கைவேலை கிடையாது. டியூக் பூட்டி என்ற ஸ்டூடியோக் கலைஞர் எழுதி, குழுவில் மெலி மெல் ஒருவர் மட்டும் அவரோடு சேர்ந்து சொன்னது. கம்பெனி மொத்தக் குழுவின் பெயரையும் அட்டையில் போட்டது. அடுத்த வருஷமே பெயர் யாருக்கு என்ற வழக்கில் குழு உடைந்தது. 2007-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் முதல் ஹிப்-ஹாப் குழுவாக அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். உடைந்த பானைக்கு மாலை. இசைத்தட்டு என்ற சரக்குக்குள் இரண்டாவது குரல் நுழையும்போதெல்லாம் குரலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு கம்பெனி வந்து நிற்கிறது. கோலாலம்பூரிலும் சென்னையிலும் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

யோகி பி முதலில் இருந்தது பொயெட்டிக் அம்மோ என்ற நால்வர் குழுவில். மற்ற மூவர் லேண்ட்ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், ஸி. லோகோ. 1998-ல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், கான்டனீஸ், தமிழ் என்று நான்கு மொழிகள். 2000-லும் 2003-லும் மேலும் இரண்டு தொகுப்புகள். மலேசிய இசை விருதுகள், பெயர், எல்லாம் வந்தன. கேட்டுப் பார்த்தால் ஆங்கிலம்தான் முற்றம், தமிழ் கொல்லைப்புறம். ஒரு நாட்டின் நான்கு முகங்களையும் வரிசையாகக் காட்டும் சுற்றுலாத் துறைச் சுவரொட்டி மாதிரி எனக்கு அது படுகிறது. நேர்மையானதுதான். ஆனால் நான்கு மொழியில் ஒரே விஷயத்தைச் சொல்கிறவனுக்கு எந்த மொழியும் கட்டாயமாக இல்லை.

2006-ல் தமிழ் கட்டாயமாயிற்று. இது ஒரு தீர்மானம். தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு அதன் கனம் புரிவது கஷ்டம். இங்கே தமிழ் சுவரில், பஸ்ஸில், ரேஷன் கார்டில் இருக்கிறது, யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலத்தில் இந்தக் காவிரிப் பிரதேசத்தின் கூலிச் சனங்கள் கங்காணிகளின் பின்னால் போய் ரப்பர் தோட்டங்களில் இறங்கினார்கள். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் இங்கே சில வீடுகளில் இன்னும் ஓர் உறவினர் பெயர் மாதிரிப் புழங்குகிறது. 1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகவும் பனைத் தோப்புகளாகவும் மாறியபோது அந்தச் சனங்களின் பேரப்பிள்ளைகள் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே உண்டு. பள்ளியை விட்டு வெளியே வந்தால் அந்தத் தமிழுக்கு வேலை குறைவு. அந்த இடத்திலிருந்து ஒருவன், விருது வாங்கித் தந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசுகிறேன் என்று முடிவு செய்கிறான். எடுத்துக்கொண்ட சொல்லோ 'மடை'. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, கடைமடைக்கு வந்து சேருமா என்று வருஷா வருஷம் ஆகாயத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்க்கும் ஜனங்களின் சொல் அது. வாலிக்கு அது ஓர் உவமை. கோலாலம்பூர் இளைஞன் ஒரு மடையையும் பார்த்திராமல்கூட இருக்கலாம். ஆனாலும் அவன் குரலில் அந்தச் சொல்லுக்குப் பழைய அழுத்தம் திரும்பியிருக்கிறது. தேங்கிக் கிடந்தவனுக்குத்தான் திறப்பதன் அர்த்தம் தெரியும் போலிருக்கிறது.

செய்நேர்த்தி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பாராட்டு மட்டும் போதாது. ஆங்கில ராப் கடைசிச் சொல்லின் இயைபில் நிற்பது. ஆங்கிலத்தில் இயைபு அரிது, அதனால் விலை அதிகம். தமிழில் அது வீதியில் கொட்டிக் கிடக்கிறது. வந்தேன், நின்றேன், சொன்னேன், வென்றேன் என்று வினைமுற்றுகளை அடுக்க ஒரு முயற்சியும் வேண்டாம், மொழியே செய்துவிடும். நம் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் கடைசியை விட்டுவிட்டு வரியின் தொடக்கத்தில் வேலை செய்தார்கள்: முதலெழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. இது தாளத்தோடு சேரும்போது விசித்திரமான ஒன்று நடக்கிறது. இயைபு நான்காவது தட்டை எதிர்பார்த்து நடந்து போகிறது. எதுகையோ முதல் தட்டு விழுந்த சூட்டிலேயே வந்துவிடுகிறது. கேட்கிறவனுக்கு முன்னாலிருந்து ஓர் இழுப்பு. மேலும் ஆங்கிலத்துக்கு இருக்கும் அசையழுத்தம் தமிழுக்கு அவ்வளவு கிடையாது. நமக்கிருப்பது குறில், நெடில், வல்லின ஒற்று. ஒற்று விழும் இடம் தவிலில் தொப்பி விழும் இடம். 'வல்லவன்' தொகுப்பின் நல்ல இடங்களில் இவர்கள் இதைக் காதால் கண்டுபிடித்திருக்கிறார்கள், புத்தகத்தால் அல்ல. பள்ளிக்கூடத் தமிழும் தெருத் தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வரும்போது, ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தைத் தமிழ் ஒற்றின்மேல் கொண்டுபோய் மோதும் சாமர்த்தியம் இருக்கிறது. சுமாரான இடங்களில் வினைமுற்று வரிசைதான். அப்படிப்பட்ட இடங்கள் குறைவு என்று சொல்ல முடியாது. இளையராஜாவின் மெட்டு தாங்கிப் பிடிப்பதால் தப்பித்துப் போகும் இடங்களும் உண்டு.

இந்தச் சந்தர்ப்பத்தில், அருணகிரிநாதர்தான் உலகின் முதல் ராப்பர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்புகழின் சந்தம் ராப்பைவிட எத்தனையோ மடங்கு சிக்கலானது, சரி. ஆனால் வேகமாகச் சொல்வதெல்லாம் ராப் என்றால் ஏலக்காரனும் ராப்பர்தான். சந்தத்தை வைத்து உறவு கொண்டாடுவதில் பயனில்லை. உறவு இருக்குமானால் அது வேறிடத்தில் இருக்கிறது.

சீர்காழிச் சம்பந்தரின் பதிகங்களை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அயனும் மாலும், பத்தாம் பாட்டில் சமண, பௌத்தர்கள் மேல் வசை. அந்த வசையின் நியாயம் வேறு விஷயம். எனக்கு அதில் சம்மதமில்லை. கவனிக்க வேண்டியது, எதிராளியைப் பெயர் சொல்லித் தாக்கிய கையோடு அடுத்த பாட்டில், திருக்கடைக்காப்பில், அவர் செய்வதுதான். என் ஊர் காழி, என் பெயர் ஞானசம்பந்தன், இது நான் சொன்ன தமிழ், இதைச் சொல்ல வல்லவர்களுக்கு இன்னது கிடைக்கும் என்று முத்திரை குத்துகிறார். எதிரி, ஊர், பெயர், மொழி, சவால். ராப் மேடையின் மொத்தச் சடங்கும் இதுதான். திருவையாற்றில் தியாகராஜர் கீர்த்தனத்தின் கடைசியில் தன் பெயரை வைத்ததை இதோடு சேர்க்க மாட்டேன். அது தாழ்ந்து வைத்த கையெழுத்து. சம்பந்தருடையது நிமிர்ந்து வைத்தது. கடைக்காப்புகளில் திரும்பத் திரும்ப வரும் 'வல்லார்', 'வல்லவர்' என்ற சொல்லே கோலாலம்பூர்த் தொகுப்பின் தலைப்பாக வந்திருக்கிறது என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். மொழிக்குள் சில தற்செயல்கள் நிறைய நாள் காத்திருக்கும்.

'வல்லவன்' வந்த வேகத்தில் சென்னை விழித்துக்கொண்டது. ராப் என்ற சொல் சென்னைக்குப் புதிதல்ல. 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' டீக்கடை வரைக்கும் அதைக் கொண்டுபோய்விட்டது. ஷங்கர் எழுத, சுரேஷ் பீட்டர்ஸ் முதலானோர் பாட, பிரபுதேவா ஆடினார், அதே முப்பிரிவினை. கோலாலம்பூர்க்காரர்களுக்கும் இது நடக்காமலிருக்குமா? 2007-ல் வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்தில் 1979-ன் 'நினைத்தாலே இனிக்கும்' பாட்டு ஒன்று புதுப்பிக்கப்பட்டபோது யோகி பி அதற்குள் அழைக்கப்பட்டார். எம்.எஸ். விஸ்வநாதனின் உற்சாகத்துக்கு அவர் ஒரு தாளிப்பு. 2011-ல் அதே இயக்குநரின் 'ஆடுகளம்' படத்தில் 'போர்க்களம்' பாட்டு. இங்கே மட்டும், ஜி.வி. பிரகாஷ் குமாரின் இசையில், இடம் ஓரளவு அவருடையது. குரலில் புழுதி இருந்தது, கோழிச்சண்டைக் களத்துக்கும் ராப்பின் சண்டைக்கும் ஒரு நிஜமான பொருத்தம் இருந்தது. சினிமாவில் அவர் செய்ததில் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. பிறகு 2017-ல் 'விவேகம்', 2018-ல் 'காலா'. பார்த்தால் ஏறுமுகம். கேட்டால் குரல் ஒவ்வொரு படத்திலும் சுருங்குகிறது. முதலில் தன் பெயரைச் சொன்ன குரல், பிறகு கதாநாயகன் நடந்து வரும்போது பின்னால் முழங்கும் கட்டியக்காரன் குரலாகிவிட்டது. எட்டு வரி, பத்து வரி, பிறகு மறுபடி பல்லவி. 'நான்' என்ற சொல் இப்போதும் இருக்கிறது. அது அஜீத்தின் நான், ரஜினியின் நான்.

இதற்கு யோகி பி-யைக் குற்றம் சொல்வது சுலபம், அநியாயமும்கூட. மலேசியச் சந்தை சிறியது, தமிழ்நாட்டில் சினிமாவுக்கு வெளியே பாட்டுக்குச் சந்தையே இல்லை என்ற நிலைமை அன்று. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி வேறு வழி கண்டார். 2012-ல் தனித் தொகுப்பு, பிறகு இசையமைப்பாளர், 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தில் கதாநாயகனும் அவரே. பிரிந்து கிடந்த மூவரையும் அவர் ஒன்றாக்கினார் என்று கணக்குப்படி சொல்லலாம். ஆனால் ராப்பர் போய்க் கதாநாயகனின் நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி அப்படியே இருந்தது.

தஞ்சாவூருக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில், வாலிபத்தில் எரியாத கட்சி பாடியவரான ஒரு முதியவருக்கு 'வல்லவன்' தொகுப்பிலிருந்து இரண்டு மூன்று பாட்டுகளை செல்போனில் போட்டுக் காட்டினேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். பிடித்துத்தான் இருந்தது. முடிந்ததும், "நல்லாத்தான் சொல்றாங்க தம்பி, எதிர்க்கட்சி எங்க?" என்றார். ஒரே தரப்புப் பாட்டு அவருக்குப் பாதிப் பாட்டு. நான் வருஷக்கணக்காகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த குறை அது. 'வல்லவன்' என்று ஒருவன் அறிவிக்கிறான்; யாரை வெல்ல, எதற்காக என்பது அந்தத் தொகுப்பில் மங்கலாகவே இருக்கிறது. பொறாமைக்காரர்கள், வளரவிடாதவர்கள் என்று உருவமில்லாத சிலர் வந்து போகிறார்கள். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட சனங்களுக்கு எதிர்க்கட்சி யார் என்று அந்த இளைஞர்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. 2007 நவம்பரில் அதே ஊரில் இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஆனால் பாட்டில் பெயர் வரவில்லை. அங்கே பெயர் சொல்வதன் விலை என்ன என்பது இங்கே உட்கார்ந்து எழுதுகிற எனக்குத் தெரியாதென்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்கட்சிக்குப் பெயர் வைத்தவர்கள் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்தார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். பெயரே அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்தது. அரக்கோணத்துக்காரரான அறிவு அந்தக் குழுவிலிருந்து வந்தவர். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று எதிராளியின் முகத்துக்கு நேரே வைத்த கேள்விகள். இதில் லாவணியின் அறுப்பு இருக்கிறது, கடைக்காப்பின் நிமிர்வும் இருக்கிறது. வசை வாங்கிய பத்தாம் பாட்டுக்காரர்கள் தங்கள் கடைக்காப்பைத் தாங்களே எழுத வந்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

அதே அறிவு 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைத் தந்தார். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, மாஜா என்ற நிறுவனத்தின் வெளியீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை அவர் பெயரோடு அதில் வைத்தார். கோலாலம்பூர்க்காரர்கள் சொல்லாமல் விட்ட தோட்டத்துக் கதை, வேறு தோட்டத்திலிருந்து, பெயரோடு வந்தது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது, அறிவு இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு அறிவுக்கென்று இணையத்தில் தனியாக ஓர் அட்டை தயாரித்தார்கள். அடுத்த வருஷம் பாட்டை எழுதியது யார், உருவாக்கியது யார் என்று ஒவ்வொருவரும் அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கைகளை நான் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். மெட்டு, சொல், தயாரிப்பு, உரிமை என்று பங்கு பிரிக்கும் பாஷையாகவே இருந்தது. 1979-ல் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து பெயரோடு எடுத்துப் போன கதையும், 1982-ல் ஆறு பேர் பெயரை அட்டையில் போட்டு ஒருவரை மட்டும் பேச வைத்த கதையும், இப்போது பேசியவனை விட்டுவிட்டு அட்டை போட்ட கதையும் ஒரே லெட்ஜரில் அடுத்தடுத்த பதிவுகளாகத்தான் எனக்குத் தெரிகின்றன.

நான் சொன்ன அந்த முதியவர் இப்போது பாடுவதில்லை. டேப்பு வீட்டுப் பரணில் இருக்கிறது, தோல் தளர்ந்துவிட்டது. நான் போன அன்று அவருடைய பேரன், பாலிடெக்னிக் படிக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அறிவின் பாட்டுகள் மனப்பாடம். தாத்தா எரியாத கட்சி பாடியவர் என்பதை மட்டும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டானாம்.